ஒன்பதாம் பிரிவின் மேல் ஏழு தாள்கள்

எங்கள் சோதனைச் சாவடியின் குடியேற்றச் சட்டப் புத்தகம் தலையணை போலத் தடித்திருக்கும். அச்சடித்தபோது அது நூறு பக்கம்தான். சட்டம் மாறும்போதெல்லாம் தலைநகரிலிருந்து புதுப் புத்தகம் வராது. ஒரே ஒரு தாள் வரும். அதை அளவாக வெட்டிப் பழைய பிரிவின் மேல் ஒட்ட வேண்டும். பதினோரு வருடங்களாக அதுதான் என் வேலை.

ஒன்பதாம் பிரிவில் மட்டும் ஆறு தாள்கள் இருந்தன. ரயில் பாதை போட ஆள் வேண்டியிருந்த வருடத்துத் தாள், யாரும் வரலாம் என்றது. பாதை முடிந்ததும் வந்த தாள், வருடத்துக்கு இருநூறு பேர் என்றது. ஐந்தாவது, போர் வருடத்துத் தாள்: ஆற்றின் அக்கரையில் பிறந்த எவரும் பொழுது சாய்வதற்குள் வெளியேற்றப்படுவர். ஆறாவது, அடையாள அட்டை வாங்கியவர்கள் இருக்கலாம் என்றது. அம்மாவின் இடுப்பிலும் தோளிலுமாக ஆற்றைக் கடந்த நானும் தம்பியும் அந்த ஆறாவது தாளில்தான் குடியிருந்தோம்.

நான் வேலைக்கு வந்த அன்றே அதிகாரி சொல்லிவிட்டார். "மேல என்ன இருக்கோ அதான் சட்டம். அடியில தோண்டுறது என் வேலை இல்ல."

எனக்கு முன்பிருந்த எழுத்தர் தாள்களின் மேல் ஓரத்தில் மட்டும் பசை தடவுவார். ஒரு நாள் ஒரு தாள் மின்விசிறிக் காற்றில் பறந்துபோனது. அடியில் இருந்ததைப் படித்து மூன்று குடும்பங்களை உள்ளே விட்டுவிட்டார்கள். அதற்காகக் காவலன் அவருடைய விரல்களை மேசை இழுப்பறைக்குள் வைத்து, இடுப்பால் இடித்து மூடினான். அவனுக்குப் 'பூட்டு' என்று பட்டப்பெயர். அப்போது நான் பக்கத்து மேசையில் வேலை பழகிக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து தாள் முழுக்கப் பசை தடவுகிறேன்.

இன்று காலை ஏழாவது தாள் வந்தது. நான் தாள்களைப் படிப்பதில்லை, அளப்பேன். வழக்கம்போல அடியிலிருந்த எண்ணும் தேதியும் கொண்ட துண்டை வெட்டிக் குப்பைக்கூடையில் போட்டேன். அவ்வளவு நீளத்துக்குப் புத்தகத்தின் பக்கத்தில் இடம் கிடையாது. 'வரும் முதல் தேதி முதல்' என்ற எழுத்துகள் கத்தரிக்கு அடியில் போனது மட்டும் கண்ணில் பட்டது. மீதியை ஒன்பதாம் பிரிவின் மேல் ஒட்டினேன். பத்து மணிக்குக் கூடையை எரித்துவிட்டார்கள்.

பதினொரு மணிக்கு லாரி வந்தது. ஆட்களைக் காலைப் பிடித்து இழுத்து இறக்கினார்கள். ஒருவரின் தலை பின்கதவில் மோதிய சத்தம் அலுவலகத்துக்குள் கேட்டது. நான்காவதாக விழுந்தவன் என் தம்பி. பட்டறையிலிருந்து தூக்கியிருக்கிறார்கள், வெல்டிங் கண்ணாடி இன்னும் நெற்றியில் இருந்தது. கீழ் உதடு இரண்டாகக் கிழிந்திருந்தது.

"அட்டைய காட்டினேன்க்கா. உடைச்சு வாயிலயே திணிச்சுட்டாங்க."

பூட்டு தடியைத் துடைத்துக்கொண்டே சிரித்தான். "உங்க தம்பியாம்மா? முன்னாடியே சொல்லக் கூடாதா? கொஞ்சம் பதமா அடிச்சிருப்பேனே."

நான் அதிகாரியிடம் ஓடினேன். அவர் புத்தகத்தைப் பிரித்து விரல் வைத்துப் படித்தார். "அட்டை வைத்திருப்போரில் அரசுப் பணியாளர் நீங்கலாக ஏனையோர் வெளியேற்றப்படுவர். நீ தப்பிச்சே. போய் வேலையப் பாரு."

"சார், அது ஒண்ணாம் தேதியிலேர்ந்துதான். இன்னும் மூணு நாள் இருக்கு."

"தேதி எங்க?"

"வெட்டிட்டேன் சார்."

"நல்லா வெட்டினே போ."

மூன்று நாள் போதும். எல்லை வேலிக்கு வெல்டர் வேலை காலியாக இருந்தது. அதில் சேர்த்துவிட்டால் அவனும் அரசுப் பணியாளன். இல்லையென்றால் பாலம். பாலத்தின் நடுக்கோட்டைத் தாண்டுபவர்களை அக்கரைச் சிப்பாய்கள் சுடுவார்கள். போன மாதம் அனுப்பிய ஒன்பது பேரில் ஒருவர்கூட அந்தப் பக்கம் போய்ச் சேரவில்லை.

அதிகாரி ஆட்களை எண்ண முற்றத்துக்குப் போனார். நான் கெட்டிலில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு ஒன்பதாம் பிரிவை ஆவியில் பிடித்தேன். ஏழாவது தாளை மட்டும் எடுத்துவிட்டால் ஆறாவது மேலே வந்துவிடும். அவர் படிப்பார், விடுவார். வெளியே யாரையோ அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வோர் அடிக்கும் அது தம்பியா என்று காது கொடுத்தேன். முனை கிளம்பியது. இழுத்தேன்.

இரண்டு தாள்கள் சேர்ந்து வந்தன. அத்தனை பசை தடவியிருந்தேன். பிரிக்கப் பார்த்தேன், கூழாகிக் கையில் அப்பிக்கொண்டது.

அதிகாரி பின்னால் நின்றிருந்தார்.

"மேல என்ன இருக்கு? நீயே படி."

"சார், இது..."

"படி."

"ஆற்றின் அக்கரையில் பிறந்த எவரும்," என்று படித்தேன்.

"அரசுப் பணியாளர் நீங்கலாகன்னு இருக்கா?"

"இல்ல சார்."

அவர் சன்னல் பக்கம் திரும்பினார். "பூட்டு, இந்தம்மாவையும் சேர்த்துக்கோ. அந்த லாரி டிரைவரும் அக்கரைதானே? இறங்கச் சொல்லு."

பூட்டு என் கூந்தலைக் கையில் சுற்றிப் படியில் இழுத்தான். சாவிக்கொத்தால் ஓங்கி வாயில் ஒன்று போட்டான். ஒரு பல் நாக்கில் உருண்டது. லாரி டிரைவர் சிரித்தபடியேதான் இறங்கினார், ஏதோ விளையாட்டு என்று. முழங்காலில் தடி விழுந்த பிறகுதான் சிரிப்பை நிறுத்தினார்.

பொழுது சாய்வதற்குள் எங்களைப் பாலத்தில் நிறுத்தினார்கள். தம்பியால் ஒரு கண்ணைத் திறக்க முடியவில்லை.

"நீ எப்படிக்கா இங்க?"

"மேல இருந்த தாள உரிக்கப் பாத்தேன். ரெண்டா வந்துடுச்சு."

அவன் என் கையில் அப்பியிருந்த கூழைப் பார்த்தான். பிறகு கிழிந்த உதட்டோடு சிரித்தான். "நீ ஒட்டினா ஒட்டினதுதான்."

முதலில் டிரைவரைத் தள்ளினார்கள். நொண்டியபடி நடுக்கோட்டைத் தாண்டி நாலு அடி போனார். சத்தம் அக்கரையிலிருந்து வந்தது. பாலத்தின் கம்பியில் சாய்ந்து, மெதுவாக உட்காருபவரைப் போலச் சரிந்தார்.

"அடுத்து," என்றான் பூட்டு.

தம்பி முன்னால் காலெடுத்து வைத்தான். நான் அவன் கையைப் பிடித்தேன். என் விரல்களில் பசை இன்னும் காயவில்லை.

"ஒவ்வொருத்தரா போகணும்," என்றான் பூட்டு.

"எந்தத் தாள்ல அப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

அவன் அலுவலகத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தான். நாங்கள் சேர்ந்தே நடந்தோம்.