பாடி மட்டும் போதும் என்றான்

ஒரு கேமரா வாங்க ஆறு மாதம் விசாரித்தேன். விற்பவனை விசாரித்தேன், வாங்கியவனை விசாரித்தேன், யூடியூபில் பேசுகிற அத்தனை பேரையும் கேட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனை மட்டும் விசாரிக்கவில்லை. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் கோபி. மண்ணூர்பேட்டையில் எங்கள் தெருதான். இரண்டு பேரும் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தோம். அவன் முதலில் வேலையை விட்டுவிட்டுக் கல்யாணப் படம் எடுக்கக் கிளம்பினான். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் கூடப் போனேன். மேடையில் அவன், மணப்பெண் அறையில் நான். புடவை கட்டுகிற இடத்தில் ஆம்பளையை யார் விடுவார்கள்? அவனுடைய பழைய கேமராவை வைத்துக்கொண்டு மூன்று வருஷம் ஓட்டினேன். ஆல்பத்தில் பேர் மட்டும் அவனுடையது.

தை மாதத்தில் அப்படி ஒரு கல்யாணத்தில்தான் பவ்யா என்னைப் பிடித்தாள். திருமுல்லைவாயிலில் ஃப்ளாட், ஐ.டி. வேலை. தன் தோழியை நான் எடுத்த படங்களைப் பார்த்துவிட்டு, "அக்கா, ஆவணில எனக்குக் கல்யாணம். மேடை, ரூம், எல்லாமே நீங்கதான் எடுக்கணும்" என்றாள். முழுக் கல்யாணமும் என் பேரில்! அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. கம்பெனியை விட்டேன். கைக்கு வந்த பி.எஃப். பணம் மொத்தமும் கேமராவுக்கு என்று முடிவு செய்தேன். உதவிக்குத் தான் வருவதாகக் கோபி சொன்னான்.

கடைசியில் இரண்டு மிரர்லெஸ் கேமராக்கள் மிஞ்சின. அவற்றின் பேரெல்லாம் வாயில் நுழையாத எழுத்தும் எண்ணுமாக இருந்ததால் பெரியவன், சின்னவன் என்று நானே பேர் வைத்தேன். நோட்டில் நடுவே கோடு போட்டு எழுதினேன். பெரியவனில் இரண்டு கார்டு போடலாம். ஒன்று கெட்டாலும் இன்னொன்றில் படம் இருக்கும். கார்டு போய்விட்டது, இன்னொரு தடவை தாலி கட்டுங்கள் என்று மாப்பிள்ளையிடம் கேட்க முடியுமா? மண்டபத்து மங்கல் வெளிச்சத்திலும் படம் புள்ளி புள்ளியாக வராது. பெட்டியிலேயே ஒரு லென்ஸும் வரும். என்ன, கனம் ஜாஸ்தி, விலையும் ஜாஸ்தி. சின்னவனில் ஒரே கார்டு. வீடியோ நீளமாக எடுத்தால் சூடாகி நின்றுவிடுவான். ஆனால் கண்ணைப் பிடித்தால் விட மாட்டான். பெண் எத்தனை தரம் தலையைக் குனிந்து நிமிர்ந்தாலும் ஃபோகஸ் கண்ணிலேயே நிற்கும்.

நான் பெரியவன் பக்கம் சாய்ந்துவிட்டேன். கோபி விடவில்லை.

"இன்னா கவி, வெவரம் புரியாம பேசிகினு கீற? பெரியவன வாங்குனா என் லென்ஸு ஒண்ணு கூட அதுல மாட்டாது. கம்பெனியே வேற. சின்னவன்னா என்னாண்ட கீற மூணும் பொருந்தும். பாடி மட்டும் வாங்கு, போதும். லென்ஸுக்கு எதுக்குத் துட்ட கரியாக்குற?"

"ஒரே கார்டாச்சே கோபி, பயமா கீது."

"எத்தினி கல்யாணம் எடுத்துகீறேன், ஒரு கார்டாவது பூட்டுகீதா? நான் கீறன்ல?"

எங்கள் தொழிலில் இது வழக்கம்தான். ஜோடியாக வேலை செய்கிறவர்கள் ஒரே கம்பெனிக் கேமராவாக வாங்கி, லென்ஸ்களைப் பொதுவில் வைத்து மாற்றி மாட்டிக்கொள்வார்கள். அவன் சொன்னதில் எனக்குத் தப்பே தெரியவில்லை. ஆடித் தள்ளுபடியில், இருபத்திரண்டாம் தேதி, சின்னவனை வாங்கினேன். பாடி மட்டும்.

லென்ஸ் இல்லாத கேமராவில் ஒரு கொசுவைக்கூடப் படம் எடுக்க முடியாது. கோபியிடம் கேட்டேன். "மூணுலயும் ஃபங்கஸ் புட்ச்சிகீது கவி, கிளீன் பண்ணக் குடுத்துகீறேன், வந்துடும்" என்றான். மூன்று வாரம் இதே பாட்டு. கல்யாணத்துக்குப் பத்து நாள்தான் இருந்தது. வாடகைக்கு எடுக்கலாம் என்றால் அது பெரிய முகூர்த்த நாள். கேட்ட இடத்திலெல்லாம் எப்போதோ புக்காகிவிட்டது. மிஞ்சிய பி.எஃப். பணம் வீட்டுச் செலவில் கரைந்திருந்தது. மேலே போட்டிருந்த நகையை அடகு வைத்தாவது செகண்ட் ஹேண்டில் ஒரு லென்ஸ் வாங்கிவிடலாம் என்று பூந்தமல்லியில் தங்கராஜ் அண்ணன் கடைக்குப் போனேன்.

"உன் கேமராவுக்குப் பொருந்துறது மூணு கீது பாரும்மா" என்று கண்ணாடி மேஜை மேல் எடுத்து வைத்தார். முதல் லென்ஸின் மூடியைத் திறந்தேன். உள்பக்கம் சிவப்பாக ஒரு பொட்டு. என் நகப்பூச்சு. மண்டபத்தில் மூடிகள் மாறிப் போகாமல் இருக்க நானே வைத்தது. மற்ற இரண்டையும் திறந்தேன். அவற்றிலும் இருந்தது.

"அண்ணா, இது எப்ப வந்துச்சு?"

பில் புத்தகத்தைப் புரட்டினார். "போன மாசம் இருபத்தொண்ணு. மூணையும் ஒண்ணா குடுத்துட்டுப் பூட்டான் அந்தப் புள்ள. ஏம்மா, ஒரு மாதிரி கீற? தண்ணி குடிக்கிறியா?"

இருபத்தொன்று. அதற்கு மறுநாள்தான் என்னோடு கடைக்கு வந்து, பாடி போதும் பாடி போதும் என்று விற்பவனுக்கு முன்னாலேயே சொன்னான். பாவி! எனக்கு முதலில் கோபம் வரவில்லை, அசிங்கமாக இருந்தது. தங்கராஜ் அண்ணன் முகத்தைப் பார்க்க முடியாமல் வெளியே வந்து பஸ் ஏறினேன். அம்பத்தூர் வருவதற்குள் கோபம் வந்துவிட்டது.

கோபி வீட்டு வாசலில் பைக்கில் பையைக் கட்டிக்கொண்டிருந்தான். கழுத்தில் பெரியவன் தொங்கினான்.

"இன்னாடா இது?"

அவன் முகம் ஒரு நொடிதான் மாறியது. "ஸ்டூடியோல குடுத்தாங்க. அண்ணா நகர்ல பெரிய எடம், சேந்துட்டேன். நீ எழுதி வெச்சது கரெக்டு கவி. ரெண்டு கார்டு இல்லாம கல்யாணம் எடுக்கவே கூடாது."

"அப்புறம் என்ன ஏன்டா வாங்க வேணாம்னு சொன்ன? லென்ஸ வித்துட்டு வந்துதான என்னக் கடைக்கு இட்டுகினு போன?"

"கோச்சிக்காத. புக்கிங் கொண்டாந்தாதான் சேத்துப்பேன்னாங்க. என்னாண்ட இன்னா கீது? பவ்யா கல்யாணம் ஒண்ணுதான் பெர்சு. கவியும் எங்க டீம்லதான் வருதுன்னு அந்தப் பொண்ணாண்ட சொல்லி மாத்திகினேன். நீ பெரியவன வாங்கிகினு தனியா நின்னுட்டா, நான் எங்க போறது? இந்தா, இதையே எடுத்துக்க. பொண்ணு ரூம நீ எடு, மேடைய நான் பாத்துக்கறேன்."

எவ்வளவு சாதாரணமாகச் சொன்னான்! என் கல்யாணத்தை என்னிடமிருந்து பிடுங்கி, அதிலே எனக்கே ஒரு மூலையை ஒதுக்கித் தருகிறானாம். அவனுக்கு முன்னாலேயே பவ்யாவுக்குப் போன் போட்டேன்.

"பவ்யா, நான் எந்த ஸ்டூடியோவுலயும் சேரலம்மா. கோபி சொன்னது பொய்யி. என் கேமராவுக்கு லென்ஸு இல்ல. நான் வரல, என்ன மன்னிச்சிடு."

"ஐயோ அக்கா, பத்து நாள்தானே இருக்கு. அந்த ஸ்டூடியோல எல்லாரும் ஜென்ட்ஸ். ரூம்ல நீங்க இருப்பீங்கன்னுதானே சரின்னேன்? அவங்க முன்னாடி நான் எப்படிக்கா நிப்பேன்? யார் கேமராவா இருந்தா என்னக்கா, நீங்க வாங்க" என்று அழ ஆரம்பித்தாள்.

அழுகிறவளிடம் என்ன வீம்பு பேசுவது? "அழாத பவ்யா. வரேன்" என்று வைத்துவிட்டேன்.

கோபி பெரியவனைக் கழற்றி என் கையில் வைத்தான். "எனக்குத் தெரியும் கவி. அந்தப் பொண்ணு அழுதா நீ தாங்க மாட்ட. அத நம்பித்தான் ஸ்டூடியோல சொன்னேன், கவி கண்டிப்பா வந்துடும்னு."

லென்ஸ்களை விற்றதைக்கூட என்றைக்காவது ஒருநாள் மன்னித்துத் தொலைப்பேன். இதை மன்னிக்க மாட்டேன்.