ராஜலட்சுமிக்கு வந்த நோய்

ஷம்சாத் பேகத்துக்கு எட்டு மணிக்கு மாத்திரை. எட்டேகாலுக்குத் தூங்கிவிடுவாள். ‘செவ்வந்தி வாசல்’ சீரியல் எட்டரைக்கு. சேக் மைதீன் அதைப் பார்த்துவைத்து, மறுநாள் காலை மனைவிக்கு டீ ஆற்றிக் கொடுக்கும்போது கதை சொல்ல வேண்டும். மகள் அப்ரீன் பானு போனில் பார்க்க வழி செய்து கொடுத்திருந்தாள். போனின் சின்னத் திரையைப் பார்த்தால் ஷம்சாத்துக்குக் குமட்டியது.

சேக் மைதீனுக்கு சீரியல் பழக்கமில்லை. இருபத்திரண்டு வருடம் சவூதியில், தம்மாமில் ஒரு பாத்திரக் கடையில் நின்றவர். அந்த இருபத்திரண்டு வருடமும் சங்கரன்கோவிலில், இந்த வீட்டில், ஷம்சாத்துக்குப் பேச்சுத்துணை டிவிதான். அவர் திரும்பி ஏழு வருடம் ஆகியும் இருவருக்கும் பேசிக்கொள்ள அதிகம் ஒன்றும் அமையவில்லை. இப்போதுதான் தினமும் அரைமணி நேரம் பேசினார்கள். பக்கத்துக் கூடத்தில் ஆறு விசைத்தறி ஓடும். அந்தச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தித்தான் கதை சொல்ல வேண்டியிருந்தது.

அவள் சும்மா கேட்கிறவள் இல்லை.

“சின்ன மருமக எங்க நின்னு பேசுனா?”

“எங்க நின்னா என்னளா? வீட்டுக்குள்ளதான்.”

“அடுப்படியிலயா, மாடிப்படியிலயா? மாடிப்படியில நின்னான்னா யாரோ உருளப் போறா. எழுதுதவனுக்கு ஒண்ணும் தோணலன்னா மாடிப்படிக்குத்தான் போவான்.”

“அதையெல்லாம் நான் கவனிக்கல.”

“பெறகு என்னத்தப் பாத்திய, அரைமணி நேரம்?”

மாமியார் ராஜலட்சுமியாக வருகிறவளைப் பற்றி அவளுக்குத் தனி அபிப்பிராயம் இருந்தது. “அவளுக்கு முப்பத்தஞ்சு வயசு இருக்காது. தலையில பவுடரக் கொட்டி நரைங்கான். மூத்த மகனா வாரவன் அவளவிடப் பெரியவன். ஆனா அழத் தெரிஞ்சவ அவ ஒருத்திதான். மத்தவளுவளுக்குக் கண்ணுல மட்டும் தண்ணி வரும். நெசமா அழுதா மொதல்ல மூக்குல்லா ஒழுகும்? அவளுக்கு ஒழுகும்.”

சேக் மைதீன் சிரித்தார். சிரித்தபின் டம்ளரைக் கழுவ எழுந்து போனார். அவள் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டு அதிக நேரம் இருக்க அவருக்கு முடிவதில்லை.

இரண்டு மாதத்துக்கு முன்பு திருநெல்வேலியில் டாக்டர் சொன்னார். கணையத்தில் கட்டி. அறுக்க முடியாத இடம். நாலு மாதம். அறைக் கதவைத் திறக்குமுன்பே அப்ரீன் முடிவு செய்துவிட்டாள். “உம்மாட்ட அல்சர்னு சொல்லுவோம் வாப்பா. தெரிஞ்சா நாளைக்கே விழுந்துருவாவ. நீங்க வாயத் தொறந்திராதிய.” அவர் திறக்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை சீரியலில் ராஜலட்சுமி விளக்கேற்றும்போது மயங்கி விழுந்தாள். செவ்வாய்க்கிழமை காலை அதை அப்படியே சொன்னார்.

ஷம்சாத் டம்ளரைக் கீழே வைத்தாள். “டாக்டர் வந்தானா?”

“நாளைக்கு வருவான் போல.”

“வழுக்கத்தலையா ஒருத்தன் வருவான், கண்ணாடி போட்டுக்கிட்டு. அவனான்னு பாருங்க. மூணு நாடகத்துல பாத்துட்டேன். அவன் வந்தா அந்த வீட்டுல சாவு. வேற எதுக்கும் அவனக் கூப்பிடமாட்டானுவ.”

அன்று இரவு வழுக்கைத் தலைக்காரர்தான் வந்தார். கண்ணாடியைக் கழற்றினார். மூத்த மகனைத் தனியாகக் கூப்பிட்டார். ரத்தத்தில் புற்று. மகன் சுவரில் தலையை முட்டிக்கொண்டான். ‘அம்மாவுக்கு இது தெரியவே கூடாது’ என்றான். மூன்று தடவை அவன் முகத்தைக் காட்டினார்கள். சேக் மைதீன் டிவியை அணைத்துவிட்டு உள் அறை வாசலில் போய் நின்றார். அவள் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள்.

காலையில் டீ ஆற்றிக்கொண்டே சொன்னார். “லேடி டாக்டருளா. பிரசர் கொறஞ்சிட்டாம். பழம் சாப்பிடச் சொல்லிட்டுப் போயிட்டா.”

“லேடி டாக்டரா?”

“ஆமா.”

அவள் டீயைக் குடித்தாள். தறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

அதன்பின் கதையை அவரே நடத்த வேண்டி வந்தது. பால் வாங்கப் போகிற வழியில் யோசித்துக்கொண்டே போவார். ராஜலட்சுமியைக் கோயம்புத்தூரில் அவள் தம்பி வீட்டுக்கு அனுப்பினார். தம்பிக்கும் அவளுக்கும் இருந்த நிலத்தகராறைத் தீர்த்தார். சின்ன மருமகளுக்குப் புத்தி வந்தது. மூத்தவனுக்கு வேலை கிடைத்தது. டிவியில் ராஜலட்சுமிக்கு முடி கொட்டிக்கொண்டிருந்தது. வீடே அழுதது. அவர் அதையும் விடாமல் பார்த்தார், ஏதாவது கேட்டால் சேலை நிறமாவது சரியாகச் சொல்ல வேண்டுமே என்று.

ஷம்சாத் குறுக்கே பேசுவது குறைந்தது. “அப்புறம்?” என்பாள். அவர் சொல்வார். தம்பி அக்காவுக்குக் குளத்து மீன் வாங்கிவந்த காலையைப் பத்து நிமிடம் சொன்னார். அவள் கண்ணை மூடிக் கேட்டாள். தான் இந்த ஊருக்குத் திரும்பி வந்தபின் இவ்வளவு பேசியதில்லை என்று அவருக்குத் தோன்றியது.

மாதத்துக்கு ஒருநாள் பராமரிப்புக்காகக் காலை ஒன்பதிலிருந்து கரண்டை நிறுத்துவார்கள். அந்த வியாழக்கிழமை அவர் டீயோடு உட்கார்ந்தபோது தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. தெருவில் யாரோ வாளியை வைக்கிற சத்தம் கேட்டது. அவர் வழக்கம்போல் உரக்க ஆரம்பித்தார்.

“கத்தாதிய. கேக்கு” என்றாள் ஷம்சாத். “இன்னைக்குக் கத வேண்டாம்.”

“ஏன், வயிறு வலிக்கா?”

“ராஜலட்சுமி செத்துட்டாளா?”

அவர் டம்ளரைப் பார்த்தார். “யாரு சொன்னா?”

“யாரும் சொல்லல. ஒம்பது நாளா அந்த வீட்டுல ஒருத்தியும் அழல. வெள்ளிக்கெழமகூட அழல. வெள்ளிக்கெழம அழுக வைக்காம எவனும் நாடகத்த நிப்பாட்டமாட்டான். பாக்குத மக்க திங்கக்கெழம திரும்பி வரணும்லா?” மூச்சு வாங்கினாள். “லேடி டாக்டர்னு சொன்னியள்ளா, அன்னைக்கே தெரியும்.”

“பெறகு ஏன் கேட்டுக்கிட்டு இருந்த?”

“நல்லா இருந்துச்சு.”

அவர் டம்ளரை அவள் பக்கம் தள்ளி வைத்தார்.

“செத்துட்டாளா?”

“இன்னும் இல்ல.”

“அவளுக்குத் தெரியுமா?”

“தெரியாது. மறைக்காவ.”

“நாடகத்துல ஒருத்திக்கு சீக்கு. அதை அல்சர்காரிட்ட எதுக்கு நீங்க மறைக்கணும்?”

அவர் எழுந்திருக்கப் பார்த்தார். அவள் கை நீட்டி அவர் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தின் நுனியைப் பிடித்தாள். பிடியில் பலமே இல்லை. அதனால்தான் அவரால் எழ முடியவில்லை.

“ஆஸ்பத்திரியில என்னைய பெஞ்சுல உக்கார வச்சிட்டு டாக்டர் உங்களையும் அப்ரீனையும் உள்ள கூப்பிட்டான். வெளிய வந்தப்ப அவ என்னையப் பாத்து சிரிச்சா. இருவத்திரண்டு வருசம் இதத்தான பாத்துக்கிட்டு இருந்தேன். எனக்குத் தெரியாதா? ஆனா நீங்க நடிக்கமாட்டிய, நீங்க சொல்லுதது நெசமாத்தான் இருக்கும்னு நெனச்சிக்கிட்டேன். லேடி டாக்டர் வாரது வரைக்கும்.”

சேக் மைதீனுக்கு மூக்கு ஒழுகியது. துண்டால் துடைத்தார்.

“எத்தன மாசம்னான்?”

“ஷம்சாத்து...”

“சொல்லுங்க.”

“நாலு.”

“அதுல ரெண்டு போயிட்டு.”

“டாக்டர் சொல்லுததெல்லாம் அப்படியே நடக்காதுளா. அல்லா இருக்கான்.”

“இருக்கான்” என்றாள். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். டீ ஆறி ஆடை படிந்தது. திரும்பாமலே பேசினாள்.

“அப்ரீனுக்கு, எனக்குத் தெரியும்னு தெரியக்கூடாது.”

“அவட்ட சொல்லிருவோம். அவளுக்கும் பாரம் கொறையும்.”

“வேண்டாம். ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம வந்து சிரிச்சிட்டுப் போறா. ஊர்க்கத சொல்லுதா. எனக்கு இனி அது ஒண்ணுதான். தெரிஞ்சா வந்து அழுவா. அதையும் கெடுத்துராதிய.”

“எனக்கு முடியாதுளா.”

“ஒம்பது நாள் முடிஞ்சிதுல்லா?”

ஞாயிற்றுக்கிழமை அப்ரீன் கடையநல்லூரிலிருந்து பதினோரு மணி பஸ்ஸுக்கு வந்தாள். புளியில்லாக் குழம்பும் குழைந்த சோறும் கொண்டுவந்திருந்தாள். “உம்மா, மொகம் தெளிஞ்சிருக்கே! அல்சர் ஆறுதுன்னு அர்த்தம்.” ஷம்சாத் சாய்ந்து உட்கார்ந்து நான்கு கவளம் தின்றாள். “உப்பு பத்தல. உன் மாமியா சொல்லித்தரலையா?” என்றாள். அப்ரீன் சிரித்தாள். ரம்ஜானுக்கு உம்மாவுக்கு என்ன நிறத்தில் சேலை எடுப்பது என்று பேச்சு வந்தது. “ஊதாவுல எடு. போன வருசம் எடுத்தது பாட்டியம்மா கலரு” என்றாள் ஷம்சாத். சேக் மைதீன் வாசலில் செருப்பை அடுக்கிக்கொண்டிருந்தார். மூன்று ஜோடிச் செருப்பு. திரும்பத் திரும்ப அடுக்கினார்.

நாலு மணிக்கு மகளை பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போனார். கடையநல்லூர் பஸ் நின்றுகொண்டிருந்தது. டிரைவர் இன்னும் ஏறவில்லை. பூக்கடை மறைவில் அப்ரீன் முகத்தை முக்காட்டால் பொத்திக்கொண்டு அழுதாள். இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

“எனக்கு முடியல வாப்பா. வாரதுக்கு முன்னாடி பஸ்ஸுல உக்காந்து சிரிச்சிப் பழகிட்டு வாரேன். உம்மா மடியில ஒரு நாளாவது அழணும் போல இருக்கு. பெறகு எப்ப அழுவேன்? சொல்லிருவோமா?”

அவர் பூக்கடைக்காரி தண்ணீர் தெளிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான்தான் சொல்லக்கூடாதுன்னேன். தப்பாப் போச்சு. நீங்க சொல்லுங்க, இப்பமே திரும்பி வீட்டுக்குப் போயிருவோம்.”

“வேண்டாம்மா.”

“ஏன் வாப்பா?”

“தாங்கமாட்டா.”

அப்ரீன் மூக்கைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள். கண்டக்டர் விசில் ஊதினான். அவள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அவர் ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கிவந்து கம்பி வழியாக நீட்டினார். அவள் பாட்டிலோடு சேர்த்து அவர் விரலையும் பிடித்துக்கொண்டாள்.

“உம்மாவுக்கு எந்தச் சந்தேகமும் வரலைல்லா வாப்பா?”

“வரல.”

பஸ் பின்னால் நகரத் தொடங்கியது. அவர் கையை எடுத்துக்கொண்டார்.