நடுவில் செருகிய வரி

பாசோவின் நிரந்தர வேலை அவன் எழுதிய அந்த ஒரு நிரல் திருத்தத்தில் தொங்கியது. அது இன்று ஏறினால் நாளை கையெழுத்து. ஏறாவிட்டால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். மக்காசார் துறைமுகத்தை ஒட்டிய அந்த மாடி அலுவலகத்தில் இது தெரியாதவர் இல்லை. தென்ரிக்கு நன்றாகவே தெரியும். படித்துப் பார்த்து ஒப்புதல் தரவேண்டியவளே அவள்தானே!

மீன்பிடிப் படகுகளின் இடங்காட்டிப் பெட்டிகளுக்குள் ஓடும் சி மொழி லைப்ரரி அது, மற்ற நிரல்கள் எடுத்தாளும் பொது நிரல் தொகுப்பு. யாரும் எடுத்துக்கொள்ளலாம், சுலாவேசி முழுக்கப் பல கம்பெனிகள் எடுத்திருந்தன. பாசோ அதில் பேட்டரி அளவைச் சேர்த்திருந்தான்.

"சோதனை எல்லாம் பச்சை விழுந்துடுச்சுல்ல அக்கா, அமுக்க வேண்டியதுதானே? பிசாங் எப்பே வாங்கித் தரேன், ரெண்டு தட்டு."

"வாழைப்பழத்துல லஞ்சமா? போடா."

சிரித்துக்கொண்டே படித்தவள் ஒரு வரியில் நின்றாள். அகலாங்கு, நெட்டாங்கு, வேகம் என்றிருந்த பழைய வரிசையின் நடுவே, அகலாங்குக்கு அடுத்ததாக, பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று, புது வரியைச் செருகியிருந்தான். அடப்பாவி! படகில் ஏற்கெனவே ஓடும் நிரல்களுக்குப் பெயரெல்லாம் தெரியாது. இரண்டாவது இடத்தில் இருப்பதை எடு என்பது மட்டும்தான் தெரியும். லைப்ரரி மட்டும் மாறினால் நெட்டாங்கு என்று பேட்டரி அளவைக் காட்டும். சோதனையில் எல்லா நிரல்களையும் புது வரிசைப்படி மறுபடி கட்டி ஓட்டுவதால் இது அதில் சிக்காது. புதிதாக வருவதைக் கடைசியில்தான் சேர்ப்பார்கள். பாசோவுக்கும் தெரிந்ததுதான், அவசரம் கண்ணை மறைத்துவிட்டது.

திரையைத் தொட்டுக் காட்டினாள். அவன் முகம் செத்துப்போனது.

"எழுதிடாத அக்கா. சத்தமில்லாம கீழ நகர்த்திடுறேன். பொதுப் பக்கத்துல நீ எழுதினா, நாளைக்குக் கையெழுத்துப் போடவேண்டிய ருஸ்டி சார் பார்த்துடுவாரு. அடிப்படையே தெரியாதவன்னு அனுப்பிடுவாரு."

நகர்த்தட்டுமே, யாருக்கு என்ன நஷ்டம் என்றுகூடத் தென்ரி நினைத்தாள். அப்போதுதான் திருத்தத்துக்குக் கீழே பித்துங் ஊர்க் கம்பெனிக்காரர் போட்டிருந்த குறிப்பு கண்ணில் பட்டது: 'அருமை! ஒப்புதல் வரைக்கும் பொறுக்க முடியல. வெள்ளோட்டமா நாலு படகுல ஏத்தி அனுப்பிட்டோம்.'

"அவங்களுக்கு மட்டும் ஒரு போன் போட்டுடலாம்" என்றான் பாசோ.

"இவங்க சொல்லிட்டு எடுத்தாங்க. சொல்லாம எடுத்தவங்களுக்கு யாருடா போன் போடுறது?"

அவள் 'ஒரு சிறு பிழை' என்று தட்டினாள். அதற்கு மேல் விரல் ஓடவில்லை. பாவி மனசு, அவனைக் காட்டிக்கொடுக்க மறுத்தது.

பாசோ அவள் நாற்காலியைத் தள்ளினான். அவள் எழுதியதை அழித்துவிட்டுத் தன் பெயரில் எழுதினான்: 'தப்பு என்னுது. இதை எடுத்தவங்க உடனே கழட்டுங்க. படகு ஒரு இடத்துல இருக்க, பெட்டி வேற இடத்தைக் காட்டும்.' அனுப்பிவிட்டான். பிறகுதான் மூச்சு விட்டான்.

கொஞ்ச நேரத்தில் பித்துங்கிலிருந்து பதில் வந்தது. மூன்று படகுகளை வானொலியில் பிடித்துச் சொல்லியாயிற்று. நான்காவதைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

ருஸ்டியின் அறைக் கதவு திறந்தது. "பாசோ, உள்ள வா."

பாசோ திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அந்த நாலாவது படகு பேசட்டும் சார்," என்றான், "வரேன்."