இரண்டாம் பாதி

நாற்காலியின் மேல் ஏறி நின்று, ரேடியோவின் ஏரியலில் சுற்றிய செம்புக் கம்பியின் மறுமுனையைத் திரைச்சீலைக் கம்பியோடு முறுக்கிக்கொண்டிருந்தாள் மார்லா. கரகரப்புக்குள்ளிருந்து ஜீனின் குரல் வந்தது, போனது, மறுபடி வந்தது.

"அப்படியே பிடி," என்றார் கட்டிலில் கிடந்த அப்பா. கண்ணைத் திறக்கவில்லை.

"ஆட்டம் முடியிற வரைக்கும் நான் இப்படியே நிக்கணுமா?"

"உங்கம்மா நின்னிருக்கா."

அம்மா ஒரு நாளும் நின்றதில்லை என்பது மார்லாவுக்குத் தெரியும். அவள் கம்பியை இறுக்கிவிட்டு மெதுவாகக் கையை எடுத்தாள். ஜீனின் குரல் போகாமல் நிலைத்து நின்றது. மாட்டுத் தீவனக் கடை வைத்திருக்கும் ஜீன், வெள்ளிக்கிழமைகளில் மட்டும் ஹாஸ்கர் ஊருக்கு ரேடியோ அறிவிப்பாளர். இன்று சனிக்கிழமை, ஆனால் பள்ளி ஃபுட்பாலின் மாநில அரையிறுதி; அதனால் இன்றும் அவர்தான்.

ஊரில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். இந்த நேரத்தில் ஊருக்குள் இருந்தது அவர்கள் இரண்டு பேர்தான் என்று மார்லா நினைத்தாள். காலை எட்டு மணிக்கே பள்ளிப் பேருந்தின் பின்னால் கார்களும் டிரக்குகளும் வரிசையாக மேற்கே போய்விட்டன. நூற்று நாற்பது மைல். பெட்ரோல் பங்க் கதவில் 'ஆட்டத்துக்குப் போயிருக்கிறோம், காசை டப்பாவில் போடவும்' என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். பருத்தி எடுத்து முடித்த டிசம்பர். வேலிக் கம்பிகளில் பஞ்சு ஒட்டிக்கொண்டு காற்றில் துடித்தது. தெருவில் ஒரு நாய்கூட இல்லை. அவற்றையும் கூட்டிக்கொண்டு போயிருந்தார்கள்.

கிளம்புவதற்கு முன் ஹாலிஸ் வந்து எட்டிப் பார்த்தார். ஊரில் சாவுக்காரியங்களைப் பார்ப்பவர் அவர்தான். அப்பாவோடு ஒன்றாகப் படித்தவர்; முப்பது வருடமாக உள்ளூர் ஆட்டங்களில் மைதான ஓரம் நின்று, ஒவ்வொரு டவுன் முயற்சியிலும் பந்து நகர்ந்த தூரத்தை அளக்கும் சங்கிலி பிடிப்பவர்.

"வெல்டன், நான் வேணா போகாம இருந்துடட்டுமா?" என்று தொப்பியைக் கழற்றிக்கொண்டு கேட்டார்.

"நீ போ. நான் அவசரப்பட மாட்டேன்," என்றார் அப்பா.

ஹாலிஸ் சிரித்துக்கொண்டே போனார். ஆனால் நர்ஸ் காலையில் மார்லாவைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, இன்றைக்கோ நாளைக்கோ என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

ஹாலிஸுக்குப் பிறகு ப்ரோடி பேருந்துக்குக் கிளம்பினான். பதினேழு வயது. மார்லாவின் ஒரே மகன். அவனுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து வீட்டில் ஆண் என்று இருந்தது தாத்தா மட்டும்தான். தோளில் பையோடு வாசலில் நின்றான்.

"அம்மா, ஏதாவது ஆச்சுன்னா மைதானத்துக்குப் போன் பண்ணு. ஆட்டத்துக்கு நடுவுலன்னாலும் பரவால்ல. நான் கிளம்பி வந்துடுவேன்."

"சரிடா."

"சரின்னா போதாது. சத்தியம் பண்ணு."

அவள் சத்தியம் செய்தாள். செய்யும்போதே அதன் எடை அவளுக்குத் தெரிந்திருந்தது. ஹாஸ்கர் போன்ற சின்ன ஊர்கள் ஆறு பேர் வைத்து, பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி ஆடும் ஃபுட்பால் அது. பள்ளியில் தேறியதே எட்டுப் பையன்கள். ஒருவனுக்குத் தோள் எலும்பு முறிந்தது, இன்னொருவனுக்கு முழங்கால் போனது. மிச்சம் சரியாக ஆறு. அந்த ஆறு பேர் பதின்மூன்று ஆட்டங்களில் ஒன்றைக்கூட விடவில்லை. ஊர் உண்டான நாளிலிருந்து இப்படி ஒரு வருடம் வந்ததில்லை. ப்ரோடி நடுவில் குனிந்து நின்று, பந்தைக் கால்களுக்கிடையே பின்னால் தள்ளிவிட்டு ஆட்டத்தைத் தொடங்குகிறவன். அவன் கிளம்பி வந்துவிட்டால் ஐந்து பேர். ஐந்து பேரை வைத்துக்கொண்டு எதிரணியான மில்பேர்ன்காரர்கள் முன்னால் நிற்க முடியாது.

மார்லா கம்பியின் முனையில் ஒரு ஈரத் துணியைச் சுற்றினாள். குரல் தெளிந்தது.

"... மில்பேர்ன் இருபத்திரண்டு, நம்ம பசங்க பதினாலு. பயப்படாதீங்க, எனக்குத்தான் பயமா இருக்கு ..."

"வாயாடி," என்றார் அப்பா.

அவள் நாற்காலியிலிருந்து இறங்கிக் கட்டிலோரம் உட்கார்ந்தாள். வரவேற்பறையின் நடுவே போட்ட ஆஸ்பத்திரிக் கட்டில். ஜன்னல் பக்கம் முகம் இருக்க வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். அவர் மூச்சு வாசலில் தயங்குகிற விருந்தாளி போல நின்று நின்று வந்தது.

"... ப்ரோடி பந்தைத் தள்றான், அடேயப்பா, ரொம்ப உயரம், டஸ்டின் எகிறிப் பிடிச்சுட்டான் ..."

அப்பாவின் புருவம் சுருங்கியது. "பந்தை உயரமா விடுறான்," என்றார். சற்று நேரம் கழித்து, "அவங்கிட்ட சொல்லு," என்றார்.

"சொல்றேன்ப்பா."

பந்தை எல்லைக்கோட்டுக்கு அப்பால் கொண்டுபோன டச் டவுன்கள் அடுத்தடுத்து இரண்டு. முதலில் நம்முடையது, பிறகு அவர்களுடையது. மில்பேர்ன் முப்பது, ஹாஸ்கர் இருபத்திரண்டு. மார்லா எண்களை அவர் காதருகே சொன்னாள். அவர் தலையசைத்த மாதிரி இருந்தது. பிறகு ஜீன் கன்றுக்குட்டித் தீவன விளம்பரத்தை வாசிக்க ஆரம்பித்தார். சொந்தக் கடை விளம்பரம் என்பதால் அவசரமில்லாமல் வாசித்தார். ஐம்பது பவுண்டு மூட்டை வாங்கினால் ஒரு தொப்பி இலவசம் என்ற இடத்தில் அப்பா ஒரு மூச்சை விட்டார். அடுத்த மூச்சுக்காக மார்லா காத்திருந்தாள். விளம்பரம் முடிந்தது. பாதி ஆட்டம் முடிந்ததற்கு விசில் ஊதிய சத்தம் கேட்டது. பள்ளி இசைக்குழு வாசிக்கத் தொடங்கியது. அவள் இன்னும் காத்துக்கொண்டிருந்தாள்.

போன் சமையலறைச் சுவரில் இருந்தது. எழுந்து போய் அதன் முன் நின்றாள். மைதான அலுவலகத்தின் எண்ணை ப்ரோடி ஒரு சீட்டில் எழுதி, குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவிட்டுப் போயிருந்தான். அதில் ஒரு ஒன்று ஏழு போலத் தெரிந்தது. அதை அடித்துத் திருத்தியிருந்தான். நர்ஸுக்குப் போன் செய்யலாம். நர்ஸ் ஹாலிஸைத் தேடி மைதானத்துக்குத்தான் போன் செய்வாள். எங்கே சொன்னாலும் அந்தச் செய்தி போய் நிற்கும் இடம் ஒன்றுதான்.

ரிசீவரை எடுக்கக் கை நீட்டியபோது போன் அதுவாகவே அடித்தது.

"அம்மா?" மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். பின்னால் பயிற்சியாளர் யாரையோ திட்டுவது கேட்டது. "ஆபீஸ் போன். ரெண்டே நிமிஷம்தான் குடுத்தாரு. தாத்தா எப்படி இருக்காரு?"

"வலி ஒண்ணும் இல்லடா," என்றாள். அது உண்மைதான்.

"கேட்டுட்டு இருக்காரா?"

"ஏரியல்ல கம்பி கட்டி வெச்சிருக்கேன். நல்லா கேக்குது."

"என்ன சொன்னாரு?"

பந்தை உயரமா விடுறான். அதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். கடைசியாக அவர் சொல்லிவிட்டுப் போனது ஒரு குறை என்று அவனிடம் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. நாற்பத்தொரு வருடம் அந்த மனிதரின் மகளாக இருந்தவளுக்குக் கேட்கக் கிடைக்காத ஒன்று வாயில் வந்தது.

"நல்லா ஆடுறேன்னு சொன்னாரு."

பயிற்சியாளரின் திட்டு மட்டும் கேட்டது.

"ப்ரோடி?"

"ம்."

"இருக்கியா?"

"இருக்கேன்மா," என்றான். "சரி. நான் போறேன்."

மார்லா திரும்பி வந்து உட்கார்ந்தாள். அப்பாவின் கண்களை மூடினாள். போர்வையைச் சரிசெய்தாள். ரேடியோவை நிறுத்தத்தான் எழுந்தாள். ஆனால் ஒலியைக் கூட்டினாள்.

அடுத்த ஒரு மணி நேரத்தில் நடந்ததை ஹாஸ்கரில் இன்றைக்கும் யாரைக் கேட்டாலும் வரிசை மாறாமல் சொல்வார்கள். முப்பது-முப்பது. பிறகு முப்பத்தெட்டு-முப்பது. மில்பேர்ன் விடவில்லை, முப்பத்தெட்டு-முப்பத்தெட்டு. ஜீன் விளம்பரங்களை மறந்தார். எதிரணியின் பெரிய பையன் ஒருவன் ப்ரோடியை மூன்று முறை கீழே தள்ளினான் என்றும், நான்காவது முறை தள்ள வந்தவன் தானே விழுந்தான் என்றும் சொன்னார். "இந்தப் பையனுக்கு இன்னைக்கு என்னதான் ஆச்சு, சாப்பாட்டுல எதைப் போட்டாங்கன்னு அவங்கம்மாவைக் கேக்கணும்."

மார்லா கட்டில் விளிம்பை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஐம்பது வினாடி இருந்தது. ஆறு பேர் ஆட்டத்தில் நடுவில் குனிபவனும் ஓடிப் போய்ப் பந்தைப் பிடிக்கலாம். எல்லாருக்கும் தெரிந்ததுதான், ஆனால் எல்லாரும் மறந்துபோகிற ஒன்று. ப்ரோடி பந்தைத் தள்ளினான், ஒருவனை இடித்தான், தடுக்கி விழுபவன் போல ஒரு காலை ஊன்றி நின்றான். மில்பேர்ன்காரர்கள் அவனைத் தாண்டி ஓடினார்கள்.

"யாருமே பாக்கல, யாருமே பாக்கல, அவன் தனியா ஓடுறான்," என்று ஜீன் கெஞ்சுகிற குரலில் சொன்னார். பிறகு வார்த்தையாக எதுவும் வரவில்லை. கூட்டத்தின் சத்தம் மட்டும் அந்த அறையை நிரப்பியது. மேசை மேல் மருந்துப் புட்டிகள் அதிர்ந்தன. நாற்பத்துநான்கு, முப்பத்தெட்டு.

மார்லா எழுந்து நின்றிருந்தாள். எப்போது எழுந்தாள் என்று அவளுக்குத் தெரியாது. வாயைக் கையால் பொத்திக்கொண்டு, ஆளில்லாத ஊரின் நடுவே, அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பிறகுதான் நர்ஸுக்குப் போன் செய்தாள்.

ஜெயித்து வந்தால் பேருந்து ஊர்ச் சதுக்கத்தை மூன்று முறை சுற்ற வேண்டும். பின்னால் எல்லா வண்டிகளும் ஹாரன் அடித்துக்கொண்டே வர வேண்டும். வழக்கம் அது. இருட்டத் தொடங்கும் வேளையில் நெடுஞ்சாலைப் பக்கம் விளக்குகள் வரிசையாகத் தெரிந்தன. மார்லா வராந்தாவில் ஹாரனை எதிர்பார்த்து நின்றாள். ஒன்றும் கேட்கவில்லை. பேருந்து சதுக்கத்தைச் சுற்றாமல், மெதுவாக அவர்கள் தெருவுக்குள் திரும்பி வேலிக்கு முன் நின்றது. வண்டிகள் ஒவ்வொன்றாக எஞ்சினை அணைத்தன.

ப்ரோடி மட்டும் இறங்கி வந்தான். தோள் கவசம்கூடக் கழற்றவில்லை. முழங்கையில் ரத்தம் காய்ந்திருந்தது.

"சத்தியத்த மீறிட்டேன்டா," என்றாள் மார்லா.

"தெரியும்மா."

"யார் சொன்னா?"

"நீதான் சொன்ன." அவன் ஹெல்மெட்டை வராந்தாப் பலகையில் வைத்தான். "பாதி ஆட்டத்துல தாத்தா யாரையாவது நல்லா ஆடுறான்னு சொல்லி நீ கேட்டிருக்கியா? ஐம்பது பாயின்ட் முன்னால இருந்தாலும் கடிகாரம் இன்னும் ஓடுதும்பாரு. அப்பவே தெரிஞ்சுபோச்சு."

"பின்ன ஏன்டா வரல?"

அவன் முழங்கையில் காய்ந்த ரத்தத்தை நகத்தால் சுரண்டினான்.

"நான் வரக் கூடாதுன்னுதானே நீ அப்படி சொன்ன," என்றான். "கடைசி விசில் அடிச்சப்புறம் ஹாலிஸ் மாமாகிட்ட மட்டும் சொன்னேன். அவரு வண்டியோட அங்கதான் இருந்தாரு. அவருதான் மத்தவங்ககிட்ட சொன்னாரு."

பேருந்துக்குப் பின்னால் ஹாலிஸின் நீளமான கறுப்பு சவ வண்டி நின்றது. அவருடைய டிரக் காலையில் கிளம்பாததால் அதிலேயே ஆட்டத்துக்குப் போயிருந்தார். பின் கண்ணாடியில் யாரோ ஷூ பாலிஷால், பதினாலு வெற்றி, ஒரு தோல்வியும் இல்லை என்பதற்கு, 14-0 என்று எழுதியிருந்தார்கள்.

"எங்களப் பொதைக்க வந்தீங்களான்னு மில்பேர்ன்காரனுங்க கேட்டானுங்க," என்றார் ஹாலிஸ், படியேறி வந்து. "ஆமான்னேன்." பிறகு தொப்பியைக் கழற்றினார். "மார்லா, என்னம்மா இப்படிப் பண்ணிட்டான் அவன். அவசரப்பட மாட்டேன்னு சொன்னானே."

மார்லா மகனின் கையைப் பிடித்தாள். "அவர் நெஜமா என்ன சொன்னாரு தெரியுமா? பந்தை உயரமா விடுறான்னாரு."

ப்ரோடியின் முகம் கோணிக்கொண்டது. அழப்போகிறான் என்று நினைத்தாள். "ஆமா," என்றான், சிரித்துக்கொண்டு, கண்ணைத் தோள் கவசத்தில் துடைக்க முயன்று முடியாமல். "விட்டேன். ரெண்டு தடவை."

அவன் உள்ளே போனான். ஹாலிஸ் மடித்த ஸ்ட்ரெச்சரை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தார். ப்ரோடி கட்டிலருகே இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு, தாத்தாவின் முகத்துக்கு நேராக உட்கார்ந்தான்.

"மூணாவது குவார்ட்டர், ரெண்டாவது பாதி ஆரம்பம்," என்றான். "பந்து எங்ககிட்ட. அவங்க முப்பது, நாங்க இருபத்திரெண்டு. முதல் டவுன்ல டஸ்டின் நாலு கஜம் ஓடினான். ரெண்டாவதுல ஒண்ணும் இல்ல. மூணாவதுல அந்தத் தடியன் என்னைத் தூக்கிப் போட்டான்."

"அது ரெண்டாவது," என்றார் ஹாலிஸ் வாசற்படியிலிருந்து.

"மூணாவது மாமா."

"ரெண்டாவதுடா. முப்பது வருஷமா சங்கிலி பிடிக்கிறவன் சொல்றேன்."

ப்ரோடி யோசித்துப் பார்த்தான். "சரி, ரெண்டாவது," என்று தாத்தாவிடம் திருத்திச் சொன்னான்.

பேருந்திலிருந்து ஐந்து பையன்களும் இறங்கி வந்து ஜன்னலுக்கு வெளியே புல்லில் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் ஊர். குளிர் உள்ளே வந்தது. யாரும் கதவைச் சாத்தவில்லை. மார்லா காபிக்குத் தண்ணீர் வைத்தாள், பெரிய பாத்திரத்தில்.

ஹாலிஸ் ஸ்ட்ரெச்சரைப் பிரிக்கவில்லை. அதைச் சுவரோரம் தரையில் வைத்துவிட்டு, தொப்பியை முழங்காலில் மாட்டிக்கொண்டு அதன் மேலேயே உட்கார்ந்தார். ப்ரோடி இன்னும் மூன்றாவது குவார்ட்டரிலேயே இருந்தான்.