அந்த ஒரு வரி மட்டும்

"உங்கப்பா அந்த எடத்துல மட்டும் ஏன் வாயை மூடிக்கிறாரு?"

பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த நாளில் பக்கத்தில் உட்காரும் பெண் அவளிடம் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் எல்லாரும் எழுந்து நின்று விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது அந்தப் பெண் முன் பெஞ்சிலிருந்து திரும்பிப் பார்த்திருக்கிறாள். 'பாவ மன்னிப்பை நம்புகிறேன்' வரைக்கும் அசைந்த உதடுகள், 'உடலின் உயிர்ப்பை நம்புகிறேன்' என்று, இறந்தவர்கள் உடம்போடு எழுவதைச் சொல்லும் இடத்தில் மூடிக்கொண்டு, அடுத்த வரிக்கு மறுபடி திறந்துகொண்டன. யாராவது எதையாவது கேட்டாலே அவளுக்குக் காது சுடும். வாயில் வந்ததைச் சொன்னாள்.

"மூச்சு வாங்குறாரு."

அப்பா மெத்தைக்காரர். நாள் முழுக்கப் பஞ்சுத் தூசியில் நிற்கிறவருக்கு மூச்சு வாங்குவது நம்பும்படியாகத்தான் இருந்தது. அந்தப் பெண் அதற்குமேல் கேட்கவில்லை.

இத்தனை வருஷம் கழித்து, ஈரப் பஞ்சை அப்பாவின் உதட்டில் ஒற்றிக்கொண்டிருந்தபோது அவளுக்கு அது ஞாபகம் வந்தது. காலையில் வந்த நர்ஸ் நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, "சொந்தக்காரங்களுக்குச் சொல்லிடுங்க" என்று வாசலில் வைத்துச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். சொல்லி அனுப்ப வேண்டிய சொந்தம் அத்தை ஒருத்திதான். அத்தையோ நர்ஸுக்கு முன்னாலேயே வந்து, சமையலறைப் பாத்திரங்களை எல்லாம் இடம் மாற்றி வைத்துவிட்டு, குருவானவரைக் கூட்டிவரப் போயிருந்தாள்.

தொண்டையில் அறுவை செய்த பிறகு அப்பாவுக்குக் குரல் கிடையாது, காற்றுதான். அந்தக் காற்றில் எது சொல், எது வெறும் மூச்சு என்று பிரித்தெடுக்க அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். கடைக்கு வருகிறவர்கள் அப்பாவிடம் கேட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்ப்பார்கள். அவள் தரையைப் பார்த்தபடி பதில் சொல்வாள். "ஊமைக்கோட்டானுக்கு வந்து வாய்ச்ச உத்தியோகத்தைப் பாரு" என்று அத்தை சிரிப்பாள்.

அப்பாவின் உதடு அசைந்தது. குனிந்தாள்.

"இந்தப் பக்கம் பஞ்சு கட்டி தட்டிருக்கு."

"நாளைக்குப் பிரிச்சு அடிச்சுடலாம்ப்பா."

"நாளைக்கு நீ ஒருத்திதான் அடிக்கணும்."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். தெருவில் அத்தையின் குரல் கேட்டது. ஆளுக்கு முன்னால் குரல் வந்துவிடும். அப்பா கண்ணைத் திறக்காமலே, "மைக்செட்டு வந்துருச்சு" என்றார்.

குருவானவருக்கு வயது முப்பதுக்குள் இருக்கும். இந்தப் பங்குக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை. மேசைமேல் வெள்ளைத் துணி விரித்து, மெழுகுவத்தி ஏற்றி, அப்பாவின் நெற்றியிலும் உள்ளங்கைகளிலும் எண்ணெய் பூசினார். உள்ளங்கையில் ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன இடத்தில் எண்ணெய் ஊறாமல் நின்றது. பிறகு நற்கருணை அப்பம் இருந்த சின்ன வட்டப் பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார். அப்பாவின் கண்கள் பெட்டிக்குப் போயின.

கொடுப்பதற்கு முன்னால் மூன்று கேள்விகள் உண்டு. தந்தையாகிய கடவுளை நம்புகிறீரா என்றார். அப்பா காற்றால் பதில் சொன்னார். "நம்புறாராம்" என்றாள் அவள். இயேசு கிறிஸ்துவை நம்புகிறீரா என்றார். "நம்புறாராம்." மூன்றாவது கேள்வி நீளம். தூய ஆவியார், திருஅவை, பாவ மன்னிப்பு, உடலின் உயிர்ப்பு, நிலைவாழ்வு எல்லாம் ஒரே கேள்வியில் வந்தன.

அப்பாவின் வாய் மூடிக்கொண்டது. கொஞ்ச நேரம் கழித்து உதடு பிரிந்தது. அவள் காதைக் கொண்டுபோனாள்.

"உடம்பு மட்டும் வேணாம். மத்ததெல்லாம் சரின்னு சொல்லு."

அவள் நிமிர்ந்தாள். அதற்குள் அத்தை முந்திக்கொண்டாள். "நம்புறேன்னுதான் ஃபாதர் சொல்வான், வேற என்ன சொல்லப்போறான்? குடுத்துருங்க."

குருவானவர் அத்தையைப் பார்க்கவில்லை. "என்னம்மா சொன்னாரு?" என்று அவளைக் கேட்டார்.

காது சுட்டது. "உடம்பு மட்டும் வேணாமாம். மத்ததெல்லாம் சரியாம்."

அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். "அடிப்பாவி! வருஷம் பூரா வாயத் தொறக்காதவ இன்னிக்குத்தானா தொறக்கணும்? இந்த ரெண்டு பேருக்கும் போன ஜென்மத்துல நான் என்ன கெடுதல் பண்ணேனோ!"

"போன ஜென்மமாம்மா?" என்றார் குருவானவர்.

"அட, பேச்சுக்குச் சொல்றது ஃபாதர். இப்ப அதையா பிடிச்சுக்கறது?"

குருவானவர் ஸ்டூலை இழுத்துப்போட்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். "ஏன்யா வேணாங்கிறீங்க?" என்று அப்பாவைக் கேட்டார்.

ஏன் என்று அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அம்மாவுக்கு முதலில் விரல்கள் மரத்தன. பிறகு கை போயிற்று. பிறகு கால். அம்மாவைப் புரட்டிப் படுக்க வைக்க இரண்டு பேர் வேண்டியிருந்ததால் அவள் பள்ளிக்கூடத்தை நிறுத்திக்கொண்டாள். அப்பா அம்மாவுக்கென்று தனியாக ஒரு மெத்தை தைத்தார். துண்டு துண்டாகத் தைத்துச் சேர்த்த மெத்தை. உடம்பில் எந்த இடத்தில் புண் வந்தாலும் அதற்கு நேரே இருக்கும் துண்டை மட்டும் உருவிவிடலாம். கடைசி நாட்களில் எந்தத் துண்டை விட்டுவைப்பது என்று தெரியாமல் அப்பா கையில் ஒரு துண்டை வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

அப்பா சொல்லச் சொல்ல அவள் அவர் பேசியதை அப்படியே திருப்பிச் சொன்னாள்.

"அந்த உடம்புலேர்ந்து அவ தப்பிச்சுப் போயிட்டா, சாமி. மறுபடி அதை எடுத்து அவ மேல மாட்டி விடறேங்கிறீங்க. நான் எந்த வாயால ஆமான்னு சொல்ல?"

"அதே உடம்புதான்யா. ஆனா நோவு இருக்காது. ஆண்டவர் எழுந்து வந்தப்ப அவர் கையில ஆணித் தழும்பு இருந்துச்சு. வலி இல்ல."

அப்பா சொன்னதைக் கேட்டுவிட்டு, சொல்லலாமா என்று அவள் ஒரு நொடி யோசித்தாள். "அவருக்குச் சிலுவையில ஒரே ஒரு வெள்ளிக்கிழமைதானேங்கிறாரு."

"டேய்!" என்றாள் அத்தை.

குருவானவருக்குக் கோபம் வரவில்லை. "ஒரு வெள்ளிக்கிழமைதான். ஆனா போன பிறகு அந்த உடம்பை அவர் வேணாம்னு விட்டுட்டுப் போகலையே. திரும்ப வந்து எடுத்துக்கிட்டாரே." அவள் பக்கம் திரும்பி, "அம்மா என்ன சொன்னாங்க? அவங்களும் இந்த மாதிரிதானா?" என்று கேட்டார்.

அப்பாவின் மார்பு குலுங்கியது. இருமலில்லை, சிரிப்பு. இதை அப்பா சொல்ல முடியாது என்று அவளே சொன்னாள். அவள் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி யாரும் கேட்டதில்லை.

"அம்மா அந்த வரியை மட்டும் சத்தமா சொல்லும். சக்கர நாற்காலியில இருந்துக்கிட்டு, கோவிலே திரும்பிப் பாக்கற மாதிரி. வீட்டுக்கு வர வழியெல்லாம் ரெண்டு பேருக்கும் சண்டைதான். கை திரும்பி வந்ததும் மொத அறை உனக்குத்தான்யான்னு சொல்லும். எதுக்குடீன்னு அப்பா கேப்பாரு. என்னைப் புரட்டுறப்பல்லாம் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு அழுதியே, அதுக்குன்னு சொல்லும்."

அத்தை புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப அவங்க வேணும்னுதான் இருந்திருக்காங்க" என்றார் குருவானவர்.

அப்பா பேசினார். "அவளுக்கு வேணும்னா அவ வாங்கிக்கட்டும். என்னைச் சாட்சிக்குக் கூப்பிடாதீங்க."

மெழுகுவத்தி ஒருபக்கமாக உருகி வழிந்தது. அப்பா மறுபடி ஏதோ சொன்னார். இந்தத் தடவை காற்று பாதிதான் வந்தது.

"குடுக்கச் சொல்லுன்னு கேக்கறாரு" என்றாள் அவள்.

குருவானவர் பெட்டியைக் கையில் எடுத்தார். திறக்கவில்லை. "பீடத்துலேர்ந்து பாத்தா எல்லார் வாயும் தெரியும்யா. நீங்க அந்த எடத்துல நிறுத்தறதை வந்த முதல் வாரமே பாத்துட்டேன். ஞாயித்துக்கிழமை நான் யாரையும் நிறுத்திக் கேக்கறதில்ல. இன்னிக்குக் கேட்டுட்டுக் குடுக்கச் சொல்லியிருக்கு, கேட்டேன். நீங்க இல்லேன்னு சொல்றதை நான் ஆமான்னு எடுத்துக்கிட்டா, இத்தனை வருஷம் நீங்க வாயை மூடிக்கிட்டு நின்னதுக்கு என்ன மரியாதை?"

அப்பாவின் கண் பெட்டியை விட்டு நகரவில்லை. மழையோ காய்ச்சலோ, ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட அதை வாங்காமல் வீடு திரும்பாத மனிதர். அம்மாவைப் புதைத்த வாரத்திலும் வரிசையில் போய் நின்றவர்.

அத்தை கட்டிலோரம் மண்டியிட்டாள். மைக்செட்டின் குரல் இறங்கியிருந்தது. "தம்பி, ஒரு வார்த்தைடா. சொல்லித் தொலையேன். அவ பக்கத்துலயே படுக்கணும்னு கல்லறையில இடம் கேட்டு வெச்சிருக்கியே. உடம்பு வேணாம்னா அப்புறம் பக்கத்துல எதுக்குடா?"

அப்பா தலையை லேசாகத் திருப்பி அக்காவைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். மூச்சு இழுத்து இழுத்து வர ஆரம்பித்தது. குருவானவர் எழுந்து நின்றார். மறுபடி முழுக் கேள்வியையும் கேட்காமல், அந்த ஒன்றை மட்டும் மெதுவாகக் கேட்டார்.

"உடலின் உயிர்ப்பை நம்புகிறீரா?"

உதடு பிரிந்தது. அவள் குனிந்தாள். காது அப்பாவின் வாயில் பட்டது. சூடாகக் காற்று வந்தது. நின்றது. மறுபடி வந்தது. அவள் காத்திருந்தாள். சொல்லையும் மூச்சையும் பிரித்தெடுக்க அவளைத் தவிர ஆள் கிடையாது. இன்னொரு முறை வந்தது. பிறகு இன்னொரு முறை.

நிமிர்ந்தாள்.

"நம்புறேன்னு சொல்றாரு."

"ஆண்டவரே!" என்று அத்தை கட்டிலின் சட்டத்தில் நெற்றியை வைத்துக்கொண்டாள். குருவானவர் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். பெட்டியின் மூடி திறக்கும் சத்தம் கேட்டது. அப்பத்தை விரல் நுனியளவு கிள்ளி, நாக்கில் வைத்து, கரண்டியால் தண்ணீர் விட்டார். தொண்டை ஏறி இறங்கியது.

வெயில் தணிகிற நேரத்தில், அவள் போர்வையை உதறிக்கொண்டிருந்தபோது, அப்பாவின் மூச்சு நின்றுபோனது. உதறி முடித்து மடித்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

அத்தை தாடையைச் சேர்த்துத் துணியால் கட்டினாள். வருகிற ஒவ்வொருவரிடமும், "கடைசில சொல்லிட்டான். என் தம்பி ஆமான்னு சொல்லிட்டுத்தான் போனான்" என்றாள். கேட்டவர்கள் எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். அக்கம்பக்கத்தார் கூடி ஜெபமாலை சொன்னார்கள். ஜெபமாலை விசுவாசப் பிரமாணத்தில்தான் ஆரம்பிக்கும். அந்த வரி வந்தபோது பழக்கத்தில் அவள் காது, அங்கே விட்டுப்போகும் அப்பாவின் குரலைத் தேடியது. எல்லாக் குரல்களுக்கும் மேலே அத்தையின் குரல் கேட்டது. அப்பா வாய் கட்டப்பட்டுப் படுத்திருந்தார். தன்னுடைய வாய் அந்த இடத்தில் என்ன செய்தது என்று அவள் கவனிக்கவில்லை.

அடக்கப் பூசையில் குருவானவர் சின்னதாகத்தான் பேசினார். இவர் ஒரு ஞாயிறும் தவறியதில்லை, நோயாளிகளுக்கு மெத்தை தைத்துக் கொடுத்தவர், மனைவியைக் கைவிடாதவர் என்றார். அதோடு முடித்துக்கொண்டார். அம்மாவின் பக்கத்தில் இறக்கினார்கள். திரும்பி வரும்போது அத்தை, "அதைச் சொல்லவே இல்லையே அவரு. முக்கியமானதே அதுதானே?" என்று வழியெல்லாம் ஆற்றாமைப்பட்டாள்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் குருவானவர் வீட்டுக்கு வந்தார். எண்ணெய் பூச வந்த அன்று கழுத்தில் போட்டிருந்த நீளத் துணியை நாற்காலியிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார். அவள் அதைத் துவைத்து மடித்து வைத்திருந்தாள். அத்தை தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் பின்கட்டில் அப்பாவின் மெத்தையை வெயிலில் போட்டு, கட்டி தட்டிய பக்கத்தைப் பிரம்பால் அடித்துக்கொண்டிருந்தாள். மடித்த துணியை எடுத்து வந்து கொடுத்துவிட்டு மறுபடி பிரம்பை எடுத்தாள்.

அவர் போகவில்லை.

"அன்னிக்கு அவர் கடைசியா என்னம்மா சொன்னாரு?"

பிரம்பு நின்றது. காது சுடும் என்று நினைத்தாள். சுடவில்லை.

"மூச்சு வாங்குனாரு, ஃபாதர்."

பஞ்சுத் தூசி வெயிலில் இறங்கிக்கொண்டிருந்தது. குருவானவர் கையிலிருந்த துணியை இன்னும் சின்னதாக மடித்தார், இனி மடிக்க முடியாது என்கிற அளவுக்கு. அதைப் பையில் போட்டுக்கொண்டார். அவள் மெத்தையைப் புரட்ட ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினாள். கனம். இன்னொரு முனை தரையில் இழுபட்டது. அவர் வந்து அந்த முனையைப் பிடித்தார். இருவரும் சேர்ந்து அதைப் புரட்டிப் போட்டார்கள். அப்பா படுத்திருந்த பள்ளம் அடிப்பக்கம் போயிற்று.

வெள்ளை அங்கியின் முன்பக்கமெல்லாம் பஞ்சு ஒட்டியிருந்தது. அதைத் தட்டிவிடாமலே அவர் வாசல் பக்கமாக நடந்து போனார்.