நாக்குக்காரர் வெங்காயம் கேட்டார்

என் வீட்டுக்காரர் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, "கடையில ஒரு வெங்காயம் வாங்கிட்டு வந்து நறுக்கிக் குடேன், பச்சையாவே சாப்பிடறேன்" என்று கேட்டதும் நான் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். வெங்காயம் கேட்பதில் என்ன இருக்கிறது என்று நீங்கள் நினைக்கலாம். உங்கள் வீட்டில் தேயிலை ருசி பார்க்கிற மனிதர் இல்லை, அதனால் அப்படி நினைக்கிறீர்கள்.

அவருக்குத் தேயிலைக் கம்பெனியில் உத்தியோகம். காலையில் நீள மேசையில் வெள்ளைக் கிண்ணங்களை வரிசையாக வைத்திருப்பார்கள். ஒவ்வொரு கிண்ணத்திலும் ஒவ்வொரு தோட்டத்துத் தேயிலைச் சாறு. அவர் கரண்டியால் அள்ளி, பக்கத்து அறை வரை கேட்கிற மாதிரி சர்ரென்று உறிஞ்சி, வாய்க்குள் உருட்டி, தொட்டியில் துப்பிவிட்டு, இது நயம், இதில் புகை ஏறிவிட்டது, இது ஈரம் பட்டது என்று சொல்வார். அவர் சொல்வதை வைத்துத்தான் எதை எதோடு கலப்பது என்று கம்பெனி முடிவு செய்யும். "உறிஞ்சித் துப்பறதுக்கா சம்பளம் தர்றாங்க?" என்று என் அண்ணன் கல்யாணப் பேச்சின்போதே கேட்டுச் சிரித்தான். எங்கள் தெருவில் அவருக்குப் பெயரே நாக்குக்காரர்.

அந்த நாக்குக்கு நான் வாழ்க்கைப்பட்டேன். கல்யாணமான நாளிலிருந்து எங்கள் வீட்டில் வெங்காயம் இல்லை, பூண்டு இல்லை, மிளகாய் பேருக்குத்தான். நான் தேய்த்துக் குளிக்கிற சோப்புக்கும் வாசனை கிடையாது. வேகவைத்த பூசணி, வெண்டைக்காய், உப்பு குறைவான பருப்பு, இதுதான் எங்கள் சாப்பாடு. பத்தியச் சாப்பாடு என்று என் தங்கை எங்கள் வீட்டில் தங்கவே மாட்டாள். நான் காரம் இல்லாமல் உயிர் வாழ முடியாதவள். அதனால் வேலை செய்யும் இடத்தில், என் மேசை இழுப்பறைக்குள், ஒரு மிளகாய் ஊறுகாய் பாட்டிலை ஒளித்து வைத்திருந்தேன். கணவனுக்குத் தெரியாமல் நான் வைத்திருந்த ஒரே ரகசியம் அதுதான்.

என் வேலை பேருந்து நிலையத்தில், பயணிகளின் பைகளை வாங்கிப் பத்திரமாக வைக்கிற அறையில். பையை நீட்டும்போது ஆள் எங்கே பார்க்கிறான் என்பதை வைத்தே உள்ளே என்ன இருக்கிறது என்று பாதி சொல்லிவிடுவேன். சும்மா பேசிக்கொண்டே இருப்பவன் எதையோ மறைக்கிறான். கேட்காமலேயே விளக்கம் சொல்பவன் கண்டிப்பாக மறைக்கிறான். ஊரையே இப்படிப் பார்த்துப் பழகிய கண், வீட்டுக்குள் வந்தால் மட்டும் மூடிக்கொள்ளுமா?

வெங்காயத்தோடு நின்றிருந்தால் விட்டிருப்பேன். அடுத்த வாரம் பச்சை மிளகாயைக் கடித்தார். கண்ணில் தண்ணீர் கொட்டியது, ஆனால் முகத்தில் ஒரு சந்தோஷம். வறுத்த கடலை, ரொட்டியின் கருகின ஓரம், பச்சை கேரட், ஐஸ்கட்டி என்று மொறுமொறு கடமுடவென்று ஏதாவது வாயில் போட்டுக்கொண்டே இருந்தார். ஆசையாகச் சாப்பிட்ட பூசணியை ஓரமாகத் தள்ளி, "வாயில பஞ்சை வெச்ச மாதிரி இருக்கு" என்றார்.

"இத்தனை வருஷம் பஞ்சாத் தெரியலையா?" என்று கேட்டேன்.

"வயசாச்சுல்ல, ருசி மாறும். எல்லாருக்கும் மாறும். டாக்டர்கூட அப்படித்தான் சொல்வார்."

நான் டாக்டரைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. பார்த்தீர்களா, கேட்காமலேயே விளக்கம்.

மாடி வீட்டில் இருக்கும் டீச்சரம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார், ஆனால் அடுத்த வீட்டுப் பாடம் எடுப்பதிலிருந்து இன்னும் ஓய்வு பெறவில்லை.

"திடீர்னு புதுசு புதுசாக் கேக்கறார்னா, எங்கயோ சாப்பிட்டுப் பழகிட்டார்னு அர்த்தம்மா. வீட்டுக்கு லேட்டா வர்றாரா?"

"ஆமாம்க்கா."

"கேட்டா என்ன சொல்றார்?"

"ஆபீஸ்ல வேலைன்னு."

டீச்சரம்மா தலையை மட்டும் ஆட்டினார். வாயைத் திறந்து சொல்லியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு கலக்கம் வந்திருக்காது.

அதன் பிறகுதான் பால் விவகாரம். அடுப்பில் பாலை வைத்துவிட்டு நான் துணி உலர்த்தப் போயிருந்தேன். திரும்பி வந்தால் வீடெல்லாம் தீய்ந்த நாற்றம், பால் பொங்கி வழிந்து பாத்திரம் கருகிக்கொண்டிருக்கிறது. அவர் சமையலறை வாசலில் நாற்காலி போட்டு, முதுகை அடுப்புக்குக் காட்டிக்கொண்டு பேப்பர் படிக்கிறார்! நாலாவது வீட்டில் பால் அடிப்பிடித்தால் சொல்கிற மனிதர் அவர். "மனசு எங்கங்க இருக்கு?" என்று கத்தினேன். அவர் திடுக்கிட்டு எழுந்து, முதலில் என் முகத்தைப் பார்த்தார், அப்புறம்தான் அடுப்பைப் பார்த்தார். மாட்டிக்கொண்டவன் முழிக்கிற முழி அது. ஒரு நாளைக்கு ஒரு முறையாவது அந்த முழியை என் மேசைக்கு எதிரே நான் பார்ப்பதுண்டு.

சரி, சோதித்தே விடுவது என்று இறங்கினேன். ஒருநாள் பருப்பில் உப்பே போடவில்லை. "பிரமாதம்" என்றார். மறுநாள் ஒரு கைப்பிடி உப்பை அள்ளிப் போட்டேன். முகத்தை லேசாகச் சுளித்தார், உடனே நேராக்கிக்கொண்டு, "இன்னிக்கு ரொம்ப நல்லாருக்கு" என்றார். மூன்றாம் நாள் முட்டைப் பொரியலில் வினிகரையும் சர்க்கரையையும் கலந்து வைத்தேன். நான் ஒரு வாய் வைத்துப் பார்த்துத் துப்பிவிட்டேன். அவர் தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "உன் கைப்பக்குவமே தனி" என்று சொல்லிக் கை கழுவப் போனார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. தப்புச் செய்கிற புருஷன்தான் பெண்டாட்டி எதைப் போட்டாலும் பிரமாதம் என்பான். குற்ற உணர்ச்சிக்கு முன்னால் சர்க்கரை என்ன, உப்பு என்ன? இத்தனை வருஷமாக ஒவ்வொரு வேளையும் அவர் முதல் வாய் வைத்து ஒரு வார்த்தை சொல்கிற வரை நான் என் தட்டைத் தொட்டதில்லை. ஊரிலேயே பெரிய நாக்கு எனக்கு மார்க் போடுகிறது என்று எனக்குள் ஒரு பெருமை. அந்த மார்க்கையே எனக்கு லஞ்சமாகக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார் என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அப்புறம் அந்தப் பை. காலையில் சாப்பாட்டுப் பையோடு இன்னொரு சின்னத் துணிப்பையை மடித்து எடுத்துப் போகிறார். திரும்பி வரும்போதும் அது மடித்தபடியேதான் வருகிறது. காலியாகப் போய்க் காலியாக வருகிற பைக்கு நடுவில் ஒரு இடம் இருக்கிறது என்று என் தொழில் எனக்குச் சொன்னது.

ஒரு சாயங்காலம் என்னோடு வேலை செய்கிறவரிடம் மேசையை ஒப்படைத்துவிட்டு, தேயிலைக் கம்பெனி வாசலுக்கு எதிரே இருந்த சைக்கிள் கடை ஓரம் போய் நின்றேன். இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்று எனக்கே வெட்கமாக இருந்தது. ஆனால் கால் நகரவில்லை. அவர் வெளியே வந்தார். துணிப்பை உப்பியிருந்தது. வீட்டுக்குப் போகிற பக்கம் திரும்பாமல் எதிர்ப்பக்கம் நடந்தார். நான் ஆட்களுக்குப் பின்னால் ஒளிந்து ஒளிந்து போனேன்.

இரண்டு தெரு தள்ளி ஒரு தையல் கடை. கண்ணாடிக்குப் பின்னால் தலையில்லாத பொம்மை பாதி தைத்த கவுனோடு நின்றது. அவர் கதவைத் தட்டவில்லை. சொந்த வீட்டுக்குள் போகிற மாதிரி நுழைந்து, தையல் மெஷினைத் தாண்டி, பின்பக்கத் திரையை விலக்கிக்கொண்டு மறைந்தார்.

கடைக்குள் போய்த் திரைக்கு இந்தப் பக்கம் நின்றேன். உள்ளே தண்ணீர் கொதிக்கிற சத்தம். பிறகு ஒரு பெண்ணின் சிரிப்பு. பிறகு சர்ரென்று ஒரு உறிஞ்சல்.

"இன்னொரு தடவை பாரும்மா" என்றது என் வீட்டுக்காரர் குரல்.

அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. திரையைப் பிடித்து இழுத்த இழுப்பில் அது கம்பியோடு கையில் வந்துவிட்டது.

உள்ளே துணி வெட்டுகிற மேசையின்மேல் வெள்ளைக் கிண்ணங்கள் வரிசையாக இருந்தன. கழுத்தில் அளவு நாடாவைப் போட்டுக்கொண்டு ஒரு பெண் கன்னம் உப்ப நின்றாள். அவளுக்குப் பக்கத்தில் என் வீட்டுக்காரர் ஒரு பிளாஸ்டிக் வாளியை ஏந்திப் பிடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்த அதிர்ச்சியில் அவள் வாயிலிருந்ததை அந்த வாளியில் துப்பினாள். புருஷனையும் இன்னொருத்தியையும் கையும் களவுமாகப் பிடிக்கிற காட்சியை நான் மனசுக்குள் எத்தனையோ விதமாகப் பார்த்திருந்தேன். வாளி எதிலும் இல்லை.

"உக்காரு" என்றார் அவர்.

"உக்கார வரல. இது யாரு?"

அந்தப் பெண்தான் பதில் சொன்னாள். "அக்கா, நான் முன்னாடி சார்கூட கம்பெனியில ருசி பாக்கற ரூம்ல வேலை பார்த்தேன். ஆள் குறைச்சப்ப என்னை அனுப்பிட்டாங்க. சார், நீங்களே சொல்லிடுங்க. நான் அப்பவே சொன்னேன்ல, வீட்ல சொல்லுங்கன்னு."

அவர் வாளியைக் கீழே வைத்தார். வைத்த பிறகும் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

"அந்தக் காய்ச்சல் வந்ததுல்ல, சளி பிடிச்சு ஒரு வாரம் படுத்திருந்தேனே. அதுக்கப்புறம் எனக்கு வாசனையே தெரியல. ருசியும் போச்சு. உப்பு ரொம்ப அதிகமா இருந்தா நாக்கு லேசா சுடும். காரம் எரியும். கடிச்சா சத்தம் கேக்கும். அவ்வளவுதான். ருசி திரும்ப வரலாம், வராமலும் போகலாம்னு டாக்டர் சொல்லிட்டார்."

அடுத்த நாளுக்கான தேயிலையில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு சாயங்காலமே இங்கே வந்துவிடுகிறார். இவள் ருசி பார்த்துச் சொல்கிறாள். அவர் மனப்பாடம் செய்துகொள்கிறார். காலையில் எல்லோருக்கும் முன்னால் உறிஞ்சித் துப்பிவிட்டு, இவள் சொன்னதைத் தன் வாயால் சொல்கிறார்.

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மாதக்கணக்காக நான் ஆளைச் சந்தேகப்பட்டேனே தவிர, அந்த நாக்கை ஒரு நிமிஷம்கூடச் சந்தேகப்படவில்லை. வேறு எவளாவது இருந்தால் சர்க்கரை போட்ட முட்டையை அவர் வழித்துச் சாப்பிட்டபோதே, இந்த மனுஷனுக்கு உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டது என்று புரிந்துகொண்டிருப்பாள். நான் நாக்குக்காரரின் பெண்டாட்டி. எனக்குப் புரியவில்லை.

நிம்மதி வந்தது. வந்த கையோடு கோபமும் வந்தது.

"இவங்ககிட்ட சொல்லத் தெரிஞ்சது, என்கிட்ட சொல்லத் தெரியலையா?"

"இவகிட்ட சொன்னா வேலை நடக்கும்" என்றார். "உன்கிட்ட சொன்னா என்ன ஆகும்? நான் முதல் வாய் வைக்கிற வரைக்கும் நீ என் முகத்தையே பாத்துட்டு இருப்ப. எனக்கு ஒண்ணும் தெரியலன்னு உன்கிட்ட எப்படிச் சொல்றது?"

தையல்காரி கிண்ணங்களை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து வைத்தாள். "எனக்கும் இது பிடிக்கல சார். என் நாக்கு வேண்டாம்னுதான் அவங்க என்னை வெளிய அனுப்பினாங்க. இப்ப அதே நாக்கு உங்க பேர்ல அங்க வேலை பாக்குது. இதோட போதும்" என்றாள். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. அவர் தலை குனிந்தது. அவள்மேல் இருந்த பொறாமை எனக்கு அந்த நிமிஷம் விட்டுப்போயிற்று.

வீட்டுக்கு நடந்தே வந்தோம். தெருமுனையில் அவர், "நாளைக்கு மேனேஜர்கிட்ட சொல்லிடறேன். இவளையே திரும்ப எடுத்துக்கச் சொல்றேன். என்னை எங்கயாவது குடோன்ல போடுவாங்க. இல்லன்னா அனுப்பிடுவாங்க" என்றார். "சொல்லுங்க" என்றேன். ஆறுதலாக இன்னும் இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். மனசு வரவில்லை. இத்தனை மாதம் தினமும் என் முகத்துக்கு நேரே பொய் சொன்னவர், அதற்கு முன்னால் எத்தனை வருஷம் சொன்னாரோ என்ற புதுச் சந்தேகம் அதற்குள் எனக்குள் முளைத்துவிட்டது.

சோறு வடித்தேன். மீனைக் காரம் தடவி, ஓரமெல்லாம் முறுகலாக வரும் வரை வறுத்தேன். முதன்முறையாக அந்த வீட்டில் என் வாய்க்குப் பிடித்த அளவுக்கு மிளகாய் போட்டேன். தட்டை அவர் முன்னால் வைத்தேன். பழக்கதோஷம், எதிரே உட்கார்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன்.

ஒரு துண்டைக் கடித்தார். மென்றார். அவர் வாய் தானாகவே "பிரமா…" என்று ஆரம்பித்தது.

"வேண்டாம்" என்றேன்.

அவர் மெல்லுவதை நிறுத்தினார். கண் கலங்கிவிட்டது, காரத்தால் இருக்கலாம். விழுங்கிவிட்டு இன்னொரு துண்டை எடுத்துக் கடித்தார்.

"சூடா இருக்கு" என்றார். "ஓரம் மொறுமொறுன்னு இருக்கு. எரியுது. வேற ஒண்ணும் தெரியல."

நான் அவரை நம்பினேன். என் தட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு அவரோடு சாப்பிட ஆரம்பித்தேன்.