டாக்டரம்மாவின் பெட்ரோல் டேங்க்

"மச்சான், அதைக் கொட்டாதீங்க!" என்று அவர் ஜன்னல் வழியாகக் கத்தியபோது பாதிக்கு மேல் கொட்டியாகிவிட்டது.

கூடத்தில் உடலைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் திடுக்கிட்டார்கள். விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்ட மனைவிக்காக இதுவரை வாய் திறக்காத மனிதர் திடீரென்று இப்படி அலறினால் வேறென்ன செய்வார்கள்? அவர் யாரையும் பார்க்கவில்லை. செருப்புகூடப் போடாமல் வீட்டின் பின்பக்கம் ஓடினார்.

அங்கே மனைவியின் அண்ணன், மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டேங்க்கைத் தலைகீழாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். தரையெல்லாம் பழுப்பு நிறத்தில் வினிகர். துருவைச் சுரண்ட உள்ளே போட்டிருந்த பழைய சைக்கிள் சங்கிலி அவர் காலடியில் கிடந்தது.

"வீடெல்லாம் புளிச்ச நாத்தம், மாப்பிள்ளை. நாலு பேர் வந்து போற இடமாச்சே, அதான் கொட்டிட்டேன்."

நல்ல மனிதர். யார் வீட்டில் என்ன காரியமானாலும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு முதலில் இறங்குகிறவர். எதில் இறங்குகிறோம் என்று கேட்டுக்கொள்ளும் பழக்கம் மட்டும் கிடையாது.

இறந்துபோனவள் பல் டாக்டர். தெருவே டாக்டரம்மா என்றுதான் கூப்பிடும். ஆள் குள்ளம்; நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தரையில் படாது. கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பதற்கு வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை. வயதாகிக் கிளினிக்கை நிரந்தரமாக மூடிய கையோடு பழைய இரும்புக் கடைக்குப் போய், எலும்புக்கூடாக நின்ற ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தாள். பார்த்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். ஒரு சாயங்காலம், பாட்டிலிலிருந்து விட்ட பெட்ரோலிலேயே இன்ஜின் உறுமி வீடு முழுக்கப் புகை கிளம்பியபோது சிரிப்பு நின்றது.

பாக்கி இருந்தது டேங்க் மட்டும். உள்ளே துரு அப்பிக் கிடந்தது.

"தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிடுங்க, டாக்டரம்மா," என்றான் மெக்கானிக்.

"பல்லைப் பிடுங்கறது யாரால வேணா முடியும். காப்பாத்தறதுக்குத்தானே நான் படிச்சேன்," என்றவள், துருவைக் கரைக்க டேங்க் நிறைய வினிகரை ஊற்றி ஊற வைத்தாள்.

அவள் கணவரோ நூலகராக இருந்தவர். ஆணி அடிக்கச் சொன்னால் விரலில் அடித்துக்கொள்ளும் ரகம். அவள் ஸ்பானரும் கையுமாகப் பேசிக்கொண்டே இருப்பாள். அவர் பக்கத்தில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு 'ம்' கொட்டுவார். ஒரு காதில் வாங்கி மறு காதில் விடுவதில் அவர் கெட்டிக்காரர். ஆனால் நேற்று அவள் சொன்னது உள்ளேயே தங்கியிருந்தது.

"நாளைக்கு வினிகரைக் கொட்டிடலாம். கொட்டின கையோட நல்லா கொப்பளிக்க வைக்கணும்."

"டேங்க்கையா?" என்று அவர் சிரித்தார்.

"ஆமா. சமையல் சோடா கரைச்ச தண்ணியில. அப்புறம் நல்ல தண்ணி. உடனே காய வைக்கணும். ஈரத்தோட விட்டோம்னா அரை மணியில மறுபடி துரு பூத்துடும். பட்ட பாடெல்லாம் வீண்."

இப்போது டேங்க்கின் வாயிலிருந்து கடைசிச் சொட்டுகள் விழுந்துகொண்டிருந்தன. அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்புறம் இரண்டும் சேர்ந்து ஓடின.

மகள் பின்னாலேயே வந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. "அப்பா, அம்மாவை அங்க விட்டுட்டு இங்க என்ன பண்றீங்க?"

"சமையல் சோடா எங்க இருக்கு?"

"இப்பவா?"

"இப்பதாம்மா. விட்டா போயிடும்." கடைசி வார்த்தையில் அவர் குரல் உடைந்தது. மகள் சமையலறைக்குப் போனாள்.

சோடாத் தண்ணீர் உள்ளே போனதும் நுரை பொங்கியது. டேங்க்கை இடுப்போடு அணைத்துக்கொண்டு குலுக்கினார். சட்டை நனைந்தது.

"நான் ஏதாவது கெடுத்துட்டேனா, மாப்பிள்ளை?"

"இன்னும் இல்ல. தண்ணி ஊத்துங்க."

மைத்துனர் ஊற்ற ஊற்ற அவர் அலசினார். தண்ணீர் தெளிவாக வந்ததும் மகள் தன் ஹேர் டிரையரை எடுத்து வந்தாள். பின்பக்கத்தில் பிளக் கிடையாது. சமையலறை பிளக்கோ கருகிப்போய்க் கிடந்தது. மிஞ்சியது கூடத்தில், அவளைக் கிடத்தியிருந்த கட்டிலின் தலைமாட்டில் இருந்ததுதான்.

அவர் யோசிக்கவில்லை. டேங்க்கைத் தூக்கிக்கொண்டு போய் மனைவியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். டிரையரை அதன் வாயில் வைத்து ஸ்விட்சைப் போட்டார். அந்த இரைச்சலில் அழுதுகொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள்.

"இவருக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சா?" என்றாள் மகளின் மாமியார், காதோடு பேசுவதாக நினைத்துக்கொண்டு.

"சும்மா இருங்கம்மா," என்றாள் கிளினிக்கில் கூட வேலை பார்த்த நர்ஸ். "அரைகுறை வேலை டாக்டரம்மாவுக்கு ஆகவே ஆகாது."

சொல்லிவிட்டு எழுந்து போய், அலமாரியிலிருந்து பல் பார்க்கும் சின்னக் கண்ணாடியைக் கொண்டு வந்து அவர் கையில் கொடுத்தாள். மைத்துனர் கேட்காமலே செல்போன் விளக்கைப் பிடித்தார். இந்தத் தடவை சரியான இடத்தில்தான் இறங்கினார்.

கணவர் கண்ணாடியை மெல்ல உள்ளே விட்டுத் திருப்பினார். அடிப்பாகம். பக்கச் சுவர். இரண்டு தகடுகள் சேரும் மூலை. கை நுழையாத அந்த இடுக்கில்கூடச் சிவப்பு ஒரு பொட்டு இல்லை. தகடு புதிதாக அடித்தது போல வெளுப்பாக மின்னியது. அத்தனை நாளும் அவள் வியர்க்க விறுவிறுக்கக் குலுக்கிக்கொண்டிருந்தது இதற்குத்தான். அவருக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, பெருமை.

"பாருங்க," என்று கண்ணாடியை மைத்துனர் பக்கம் திருப்பினார்.

மைத்துனர் குனிந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். "என் தங்கச்சியா செஞ்சா இதை!" என்றார்.

பிறகு மகள் பார்த்தாள். நர்ஸ் பார்த்தாள். மாமியாரும், எதற்கும் இருக்கட்டும் என்று, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

வெளியே உடலை எடுத்துப் போகும் வண்டி வந்து நின்றது. யாரும் அவசரப்படுத்தவில்லை. புதிதாக வந்தவர்கள் அவள் முகத்தைப் பார்த்தார்கள்; இரண்டடி நகர்ந்து, டேங்க்கின் வாயிலும் குனிந்து பார்த்தார்கள். வண்டி டிரைவரும் வரிசையில் வந்து நின்றார். அவரவர் உயரத்துக்கு ஏற்றபடி டாக்டரம்மாவின் கணவர் கண்ணாடியைச் சாய்த்துக் காட்டிக்கொண்டிருந்தார்.